எலிச்சீர்

பயப்படாத அம்மிணி, எலிதான். டின்னுக்குள்ள பத்திரமா இருக்குது. மூடியில ஆணி அடிச்சு ஓட்டை போட்டிருக்கறேன் பாரு, அது மூச்சு விடறதுக்கு. நீ பாத்தது மூக்கு. மூக்குதான் வெளிய வரும், எலி வராது. இத்தன மாசமா இந்த பஸ்ஸுல கொண்டு போறேன், ஒருக்காக்கூட வெளிய வந்ததில்ல. காலை அக்கட்டால வெச்சுக்கோணும்னா வெச்சுக்க. எந்திரிச்சு மட்டும் போயிராத. சத்தி பஸ் ஸ்டாண்டு தாண்டீட்டா எடம் கெடைக்காது, கோயமுத்தூர் வரைக்கும் நின்னுட்டுத்தான் போகோணும்.

காந்திபுரமா நீயி? நான் சரவணம்பட்டி. பொண்ணைக் குடுத்த ஊடு அங்க இருக்குது.

ரெண்டு எலி. வெள்ளெலி. சாக்கடையில ஓடறதுன்னு நெனச்சுக்காத. இதுக நம்மள விடச் சுத்தம், நாள் முச்சூடும் மூஞ்சி கழுவிட்டே இருக்கும். எதுக்குன்னா, பாம்புக்கு. இல்ல கண்ணு, பாம்பு இங்க இல்ல. பையில வெறும் கொய்யாப்பழம். பாம்பு பொண்ணூட்டுல இருக்குது. உக்காரு, உக்காரு.

எம்பொண்ணு பேரு கோகிலவாணி. கம்ப்யூட்டர் வேலை, ஊட்டுல இருந்தே பாக்கறது. ஒரு நாளைக்கு வந்து, அப்பா நான் பாம்பு வளக்கப் போறேன்னா. எங்கூட்டுக்காரரு பேப்பர்ல இருந்து தலையைத் தூக்காம, நாய் வாங்கிக்க சாமின்னாரு. நாய்க்கு நடக்கக் கூட்டிட்டுப் போகோணும், எனக்கு மீட்டிங் இருக்குங்கறா. வெளிநாட்டுப் பாம்பாமா. சர்க்கார்ல பதிஞ்சு சர்ட்டிபிகேட்டெல்லாம் வாங்கி, பெங்களூர்ல இருந்து ஒரு பொட்டியில வந்து எறங்குச்சு. வெசமில்ல. யாராச்சும் கிட்டப் போனா பயந்துட்டு சுருண்டுக்கும். அதனால முறுக்குன்னு பேரு வெச்சுட்டா. அன்னையில இருந்து தீவாளிக்கு நான் முறுக்குப் புழியறதில்ல, அதிரசத்தோட நிறுத்திக்கறேன்.

மொதல்ல எலி பார்சல்ல வந்துட்டு இருந்துச்சு. ஐஸுல வெறைக்க வெச்சு, பனியன் மடிச்சாப்பல வரிசையா அடுக்கி அனுப்புவாங்க. ஒருக்கா பார்சல்காரன் வெயில்ல திண்டு மேல வெச்சுட்டுப் போயிட்டான். எங்கூட்டுக்காரரு மூட்டுவலி எண்ணெய்க்கு எழுதிப் போட்டிருந்தாரு, அதுதான் வந்துருச்சாக்கும்னு பிரிச்சுட்டாரு. அன்னிக்கு மத்தியானம் அவரு சோறு திங்கல. பொழுதோட சொன்னாரு, இனி இந்த ஊட்டுக்கு எலி வந்தா உசுரோட வரட்டும்னு. அப்படித்தான் ஊட்டுலயே வளக்கறதுன்னு ஆச்சு.

ஒரு ஆணு, மூணு பொட்டை வாங்கிட்டு வந்தா. அம்மா, தண்ணி மட்டும் வெச்சிரும்மான்னா. அந்த 'மட்டும்'ல ஆரம்பிச்சுது பாரு அம்மிணி. தண்ணி வெக்கப் போனா எலி நம்மளையே பாக்குது. வெறுந்தண்ணியை எப்படி வெச்சுட்டு வர்றது? ரெண்டு கம்பு போட்டேன். அப்புறம் பச்சப்பயறு ஊற வெச்சேன். ஈத்துக்கு இருக்கற பொட்டைக்கு முருங்கைக்கீரை, கொஞ்சம் கடலைப் புண்ணாக்கு. மர டிப்போவுல மரத்தூள் வாங்கி மெத்தை மாதிரி போட்டு, மூணு நாளைக்கொருக்கா மாத்தோணும். இல்லீன்னா அந்த வாடைக்கு நம்மூட்டுக்கு ஒரு ஒறம்பரை வரமாட்டாங்க. குட்டி போட்டா உரிச்ச கடலைக்காய் அளவுதான் இருக்கும், செவப்பா, கண்ணு தொறக்காம. ஆணைப் பிரிச்சு வேற பிளாஸ்டிக் டப்புல போட்டுரோணும். அதுதான் இதுல தொழிலு. பிரிக்கலீன்னா தொலைஞ்சோம்.

பாம்புக்குக் குடுக்கறதெல்லாம் பொண்ணு வேலை. நான் அந்த ரூம்புக்கே போக மாட்டேன். எலியைக் கையில குடுத்துட்டு முருகான்னு கதவைச் சாத்திக்குவேன். பாவமா இல்லியான்னு எல்லாருந்தான் கேக்கறாங்க. அதுக்கு அது சோறு. நாம கோழி திங்கறப்ப யாரு கேட்டாங்க?

ஆனா ஒண்ணு அம்மிணி. எங்கூட்டுல பொரட்டாசி மாசம் கவுச்சி கெடையாது. முட்டைகூட வராது. போன வருசம் பொரட்டாசி ஒண்ணாந்தேதி வாணி எலி கேட்டா. நான் தர மாட்டேன்னுட்டேன். ஊட்டுக்குள்ள நாங்க மூணு பேரும் விரதம் இருக்கறோம், அந்த ரூம்பு மட்டும் தனி ஊடா? அவ குதிச்சா. பட்டினி போடறியாம்மான்னு அழுதா. நான் அசையல. பெருமாளுக்குப் பாம்புன்னா என்ன, மனுசன்னா என்னன்னுட்டேன். முப்பது நாளு அந்தப் பாம்பு வாயைத் தொறக்கல. சொணங்கவும் இல்ல. அப்புறம் இவ போன்ல பாத்துட்டு சொல்றா, இந்தச் சாதிப் பாம்பு சும்மாவே மாசக்கணக்குல திங்காம இருக்குமாமா. போன்ல ஆயிரம் எழுதுவான். அது விரதம் இருந்துச்சு, நான் கண்ணால பாத்தேன்.

என்ன, நான் ஒரு தப்புப் பண்ணீட்டேன். விரத மாசத்துல எதுக்குப் புருசம் பொண்டாட்டியைப் பிரிக்கறது, பாவமில்லியான்னு ஆணையெல்லாம் எடுத்து பொட்டைகளோட விட்டுட்டேன். எலிக்கு இருபத்திரண்டு நாளு, அம்மிணி. மாசம் முடியறப்ப பதினாறு இருந்தது அறுபதைத் தாண்டிப் போச்சு. அரிசி ஊற வெக்கற அண்டாவுல எலி. பழைய மிக்ஸி வந்த அட்டைப்பொட்டியில எலி. எங்கூட்டுக்காரரு பேப்பரை எடுத்துட்டு மொட்டை மாடிக்குப் போயிட்டாரு, சோத்துக்குத்தான் கீழ வருவாரு.

அப்பப் பாத்துத்தான் பொண்ணு பாக்க வர்றாங்க. ஐப்பசி நாலாந்தேதி. எல்லாத்தையும் பின்னால ரூம்புல போட்டுப் பூட்டிட்டேன், ஊதுபத்தி ஒரு பாக்கெட் கொளுத்துனேன். சம்பந்தியம்மா, அப்ப இன்னும் சம்பந்தி ஆகல, கை கழுவோணும்னு எந்திரிச்சு நேரா போயி அந்தக் கதவைத் தொறந்துட்டாங்க. தாப்பாளு சரியா விழுகல. அறுபது எலியும் ஒரே மாதிரி அவங்களைத் திரும்பிப் பாத்துச்சு. என்னங்க இதுன்னாங்க. நான் வேற என்ன சொல்றது, பொண்ணு பாம்பு வளக்கறாங்க, அதுக்குத் தீனிங்கன்னேன். சொல்லி முடிக்கறப்பத்தான் தெரியுது, இது இன்னும் மோசமா இருக்குதேன்னு.

மாப்பிள்ளைப் பையன் எந்திரிச்சு, பாம்பைப் பாக்கலாமுங்களான்னு கேட்டான். போன ரெண்டு பேரும் ஒரு மணி நேரம் வெளிய வரல. வர்றப்ப முறுக்கு அவன் கையில சுத்தீட்டு இருக்குது. சம்பந்தியம்மா மகனையும் பாத்தாங்க, பாம்பையும் பாத்தாங்க. கடைசியா சொன்னாங்க, பாம்பு வரட்டுமுங்க, எலி மட்டும் வேண்டாம், கீழ எங்களுக்கு மளிகைக்கடைன்னு. நியாயந்தானே? மளிகைக்கடை மாடியில எலி வளக்கறாங்கன்னு ஒருத்தருக்குத் தெரிஞ்சா அப்புறம் யாரு பருப்பு வாங்குவா.

தை மாசம் கல்யாணம். அதுக்குள்ள எலியெல்லாம் கொறைச்சாச்சு, பாம்பு வெச்சிருக்கற பசங்க வந்து வாங்கிட்டுப் போனாங்க. எனக்குன்னு ஒரு எட்டு வெச்சுக்கிட்டேன். பொண்ணு காரேறிப் போறப்ப நான் அழுகல. எங்க சின்னம்மாகூட, இவளுக்கு மனசு கல்லுன்னு சொன்னாங்க. பாம்புப் பொட்டியை வண்டியில ஏத்தறப்ப அழுகை வந்துருச்சு. ஊரே சிரிச்சுது. அது என்னமோ, அதுதான் கடைசியா ஏறுச்சு.

நீ கல்யாணம் ஆகாத புள்ள, உனக்குச் சொல்றேன். எங்க பக்கம் பொண்ணைக் குடுத்த ஊட்டுக்குச் சும்மா போக மாட்டோம். நோம்பி, சீரு, காயலான்னு ஒரு காரணம் வேணும். எங்கம்மா என்னைக் கட்டிக் குடுத்ததுக்கப்புறம் வருசத்துக்கு ரெண்டு வாட்டிதான் வந்துச்சு. ஒருக்கா காரணமே இல்லாம வந்துட்டுது. எங்க மாமியா வாசல்ல நின்னுட்டு, என்ன சோலியா வந்தீங்கன்னு கேட்டாங்க. எங்கம்மா, சந்தைக்கு வந்தேன், அப்படியே தண்ணி குடிச்சுட்டுப் போலாம்னு பாத்தேன்னு சொல்லீட்டு, தண்ணியைக் குடிச்சுட்டுப் போயிருச்சு. அன்னிக்கு சந்தையே இல்ல.

அதனால நானும் போகல. ஆசையா இருந்தாலும் போகல. அட, ஆசையெல்லாம் ஒண்ணுமில்ல. தினமும் போன் பேசறோம், அப்புறம் என்ன.

மாசி கடைசியில வாணி போன் பண்ணி அழுகறா. அம்மா, முறுக்கு திங்க மாட்டீங்குதும்மா, ஊடு மாறி ஆறு வாரமாச்சு, செத்துப்போயிருமாட்ட இருக்குதுன்னு. கடையில வாங்கி ஐஸுல வெச்சிருக்கற எலியைத் தொடவே இல்லையாமா. எப்படித் தொடும்? கம்பும் பயறும் தின்னு வளந்த எலியைத் தின்னு பழகுனது அது. அன்னிக்கே டின்னுல ஓட்டை போட்டேன். ரெண்டு எலி, மேல துண்டு, அதுக்கு மேல ஒரு தட்டுல கொய்யாப்பழம், வெத்தலை பாக்கு. கடையில நாலு பேரு சாமான் வாங்கிட்டு நிக்கறாங்க, நான் சீர் கொண்டு போற மாதிரி அவங்களுக்கு நடுவுல நடந்து மாடியேறிட்டேன். ஒரு பாட்டி, என்னங்க பலகாரமான்னு கேட்டாங்க. ஆமாங்கன்னேன். எலி உள்ள இருந்து கீச்சுங்குது. நான் இருமுனேன்.

அரை மணி நேரத்துல தின்னுருச்சு அம்மிணி. வாணி ஓடியாந்து கட்டிப் புடிச்சுக்கிட்டா. சம்பந்தியம்மா காப்பித் தண்ணி கொண்டு வந்து குடுத்துட்டு, உங்க கைராசிங்க, இனி ரெண்டு வாரத்துக்கொருக்கா நீங்க வந்தாத்தான் ஆகுமாட்ட இருக்குதுன்னாங்க.

அன்னையில இருந்து போயிட்டு இருக்கறேன். வேற ஆரு குடுத்தாலும் திங்கறதில்ல. பதினஞ்சு நாளும் பட்டினி, நான் போனாத்தான் சோறு. வாணி ஒவ்வொரு வாட்டியும் முறுக்கைத் தராசுல வெச்சுப் பாப்பா. பட்டினி கெடந்தும் எடை ஏறியிருக்குது. ஏக்கத்துல சிலதுக்கு ஒடம்பு வீங்கும், எங்க சின்னம்மாவுக்கு அப்படித்தான் இருந்துச்சு.

போன மாசம் ஐஸ் எடுக்கலாம்னு பிரிட்ஜைத் தொறந்தேன். மேல் தட்டுல ஒரு டப்பா, பேப்பர்ல சுத்தி. வெள்ளையா வாலு தெரியுது. சம்பந்தியம்மா ஓடியாந்து சாத்திட்டு, அது மீனுங்கன்னாங்க. சரி, அவங்க ஞாயித்துக்கெழமை மீன் திங்கறவங்க. இத்தா நீளத்துக்கு வாலு, என்ன மீனோ. கோயமுத்தூர்ல எல்லாம் வருது.

அதை விடு. எலியே வேண்டாம்னு சொன்ன ஊடு, இப்ப மொட்டை மாடியில துணி காயப் போடப் போனா ஒரு கூண்டு நிக்குது. வெயில் படாம ஓலைத்தட்டி கட்டி, உள்ள வெள்ளெலி ஏழோ எட்டோ. மாப்பிள்ளைக்கு ஆசையாமா. சம்பந்தியம்மா கையால கம்பு போடறாங்க. அதுல ஒண்ணுக்குக் காது கிழிஞ்சிருக்குது. நான் வைகாசியில கொண்டு போனதுக்கும் அதே எடத்துல கிழிஞ்சிருந்துச்சு. அதைத்தான் முறுக்கு ராத்திரி தின்னுருச்சுன்னு வாணி சொன்னாளே. எல்லா எலிக்கும் காது ஒரே எடத்துலதான் கிழியுமாட்ட இருக்குது.

நீ என்ன அப்படிப் பாக்கற? சிரிக்காம கேளு, இனித்தான் விசயமே இருக்குது. நான் இதை எங்கூட்டுக்காரர்கிட்டகூடச் சொல்லல. உங்கிட்டச் சொல்றேன், நீ காந்திபுரத்துல எறங்கிப் போயிருவ.

இந்த எலி எங்கூட்டு எலி இல்ல.

சித்திரை வெயில் தாங்காம ரெண்டு ஆணும் போயிருச்சு. ஈரச்சாக்கெல்லாம் போட்டுத்தான் பாத்தேன். இருக்கற பொட்டைகளுக்கு வயசாயிருச்சு, இனி குட்டி வெக்காது. ஆனியோட எல்லாம் முடிஞ்சுது. அன்னிக்கு அந்தக் காலி டப்பைக் கழுவிக் கவுத்து வெச்சுட்டு அதும் பக்கத்துலயே உக்காந்துட்டேன். இனி என்ன சொல்லிட்டுப் போறதுன்னுதான் மொதல்ல தோணுச்சு. எலி செத்ததுக்கு வருத்தப்படல பாரு, என்ன பொம்பளை நானு.

அடுத்த நாளு ஈரோடு போனேன். மீன்தொட்டி விக்கற கடையில கேட்டேன், இருந்துச்சு. ரெண்டு மாசமா ஈரோட்டு எலிதான். ஒரு நாளைக்கு முன்னாடியே வாங்கிட்டு வந்து, கம்பும் பயறும் போட்டு வெச்சுக்குவேன், எங்கூட்டு வாசம் கொஞ்சமாச்சும் வரட்டும்னு. முறுக்கு அதையும் தின்னுருது. வித்தியாசமே தெரியல அதுக்கு. வாணி, பாத்தியாம்மா, உன் எலின்னா எப்படித் திங்குதுன்னு சொல்றப்ப எனக்கு அவ மூஞ்சியைப் பாக்க முடியறதில்ல. பெத்த பொண்ணை ஏமாத்தறேன். பாவம், அவ ஒண்ணும் தெரியாதவ, மனசுல ஒண்ணு வெச்சுட்டு வாயில ஒண்ணு பேசத் தெரியாது அவளுக்கு. சம்பந்தியம்மாவும் அப்படித்தான்.

கடை எலியே அது திங்கும்னு தெரிஞ்சா முடிஞ்சுது. அப்புறம் எதுக்குப் போறது, என்ன சோலின்னு சொல்றது? அடுத்த மாசம் பொரட்டாசி வேற. முப்பது நாளு எலி குடுக்கக்கூடாதுன்னு நானே போட்ட சட்டம். இந்த வருசம் பெருமாளு கண்டுக்க மாட்டாருன்னு நெனைக்கறேன். பாம்பு எங்கூட்டுல இருந்தாத்தானே எங்கூட்டு விரதம். இப்ப அது வேற ஊடு. சரிதானே நான் சொல்றது?

இது எந்த ஊரு, அன்னூர் தாண்டியாச்சா. இரு அம்மிணி, போன் அடிக்குது. டின்னைச் சித்த புடி. கடிக்காது, புடி.

அல்லோ. ஆமாங்க சம்பந்தி. பஸ்ஸுலதானுங்க. கோவில்பாளையம் வரப்போகுது. ஆமா. அப்படிங்களா. எப்பங்க? அட. சரிங்க. அப்படீன்னா சரிங்க. இல்லீங்க, நான் கோவில்பாளையத்துலயே எறங்கி அடுத்த பஸ்ஸு புடிச்சு திரும்பிக்கறனுங்க. ஒண்ணுமில்லீங்க, அதுக்கென்ன. ம். ம்.

ம்.

சரிங்க சம்பந்தி. டிக்கெட் எடுத்துட்டனுங்க. வெக்கறனுங்க.

குடு டின்னை.

முறுக்கு சட்டை உரிக்கப் போகுதாமா. கண்ணெல்லாம் நீலம் பாஞ்சிருக்குதாமா. பத்துப் பன்னெண்டு நாளைக்கு ஒண்ணும் திங்காதுன்னு வாணி சொன்னாளாமா. சரி, எலி வேலை இல்லையே, எதுக்கு சரவணம்பட்டி வரைக்கும் போறது, எறங்கித் திரும்பீர்லாம்னுதான் சொன்னேன். நீயும் கேட்டுட்டுத்தானே இருந்த.

அதுக்கு அவங்க கேக்கறாங்க, ஏனுங்க சம்பந்தி, பாம்பு திங்கலீன்னா நீங்க வரக்கூடாதுங்களா, காலையில இருந்து உங்க பொண்ணு பத்துவாட்டி வாசலுக்குப் போயிட்டு வந்துட்டாங்கன்னு.

இத்தன வருசத்துல என்னை யாரும் இப்படிக் கேட்டதில்ல அம்மிணி. வாய்க்கு வந்ததைத்தான் சொன்னேன். சரவணம்பட்டிக்கு டிக்கெட் எடுத்துட்டேனுங்க, அதனால வந்துதான் ஆகோணும்னு சொல்லீட்டேன்.

என்ன சிரிக்கற? டிக்கெட் எடுத்தது எடுத்ததுதானே.